விடை தெரிந்த குரல்

மாஸ்டருக்குக் கார் ஓட்ட வராது. அதில் அவனுக்கு வெட்கமும் கிடையாது. "நான் பாக்கறது நூலிழை வேலை. ரோட்டுல வர்ற லாரிக்கு அந்த நுணுக்கமெல்லாம் புரியாது" என்று சொல்லி, சாவியை மனைவி கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் சாய்ந்துகொள்வான். ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்க அறையில் பல்செட் செய்கிறவன் அவன். மெழுகில் ஈறு வைத்து, அதில் பற்களை வரிசையாக அடுக்கி, மேலும் கீழும் கடி சேருகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சீவுகிற வேலை. அங்கே டாக்டர் முதல் கூட்டிப் பெருக்குகிற அம்மா வரை எல்லோருக்கும் அவன் 'பல்லு மாஸ்டர்'. வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. மனைவிக்குக் கோபம் வந்தால் "என்ன மாஸ்டர்?" என்று ஆரம்பிப்பாள். அப்புறம் அன்றைக்கு அவன் வாயைத் திறக்காமல் இருப்பது உத்தமம்.

அவள் ஒரு பார்சல் கிடங்கில் ஷிப்ட் சூப்பர்வைசர். பெட்டிகள் பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும். எது எந்த வண்டிக்கு என்று பிரித்து ஏற்றி அனுப்ப வேண்டும். பெல்ட் எந்த வளைவில் சிக்கும், எந்த டிரைவர் "இதோ வந்துட்டேன்" என்றால் இன்னும் குளிக்கவே இல்லை என்று அர்த்தம், எந்த ஸ்கேனரை மண்டையில் ஒரு தட்டு தட்டினால்தான் படிக்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. என்ன பிரயோஜனம்? மேனேஜர் நாற்காலி காலியாகும்போதெல்லாம் வெளியிலிருந்து மேனேஜ்மென்ட் பட்டத்தோடு ஒருவர் வந்து இறங்குவார். அவருக்கு அவள்தான் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பாள். கற்றுக்கொண்ட பிறகு அவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, "நேத்து ஏன் வண்டி லேட்டு?" என்று அவளையே கேட்பார். அவளுக்கு வயிறு எரியும். சொல்லக் கேட்டு மாஸ்டருக்கும் எரியும்.

கடைசியாக வந்தவரும் இதைவிட நல்ல இடம் பார்த்துப் போனபோது, தலைமை அலுவலகம் ஒருவழியாக மனம் இறங்கியது. வேலை பார்க்கிறவர்கள் வார இறுதியில் படிக்கிற மேனேஜ்மென்ட் கல்லூரி ஒன்று இருந்தது. அதில் அவள் இடம் வாங்கிவிட்டால் நாற்காலி அவளுக்கு. இந்த வருடச் சேர்க்கை முடியும்வரை காத்திருப்பார்கள். வாங்காவிட்டால் பழையபடி வெளியாள். கல்லூரிக்குள் நுழைய ஒரு தேர்வு; தேர்வில் இத்தனை மதிப்பெண் என்று ஒரு கோடு. கோட்டைத் தாண்டினால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. அவ்வளவுதான் சங்கதி.

தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் வாங்கினார்கள். முழுக்க மாதிரி வினாக்கள். கணக்கு ஒரு பக்கம். ஒரு பத்தியைக் கொடுத்து அதில் பேசுகிறவரின் வாதத்தில் எங்கே ஓட்டை என்று கேட்பது இன்னொரு பக்கம். மூன்றாவதாக ஒரு விசித்திர வகை இருந்தது. கேள்வி ஒன்று, தகவல் இரண்டு. விடையைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கண்டுபிடிக்க இந்தத் தகவல் போதுமா, எது போதும் என்று மட்டும் சொல்ல வேண்டும். மாஸ்டருக்கு அது முதலில் பிடிபடவே இல்லை. "விடை வேணாம்னா அப்புறம் எதுக்கு இந்த கேள்வி? வெட்டிவேலை" என்றான்.

அவளுக்கு உட்கார்ந்து படிக்க நேரம் ஏது? கிடங்கிலிருந்து வந்தால் சமையல், துணி, தண்ணீர் மோட்டார், மாடி வீட்டுக்காரரோடு பார்க்கிங் சண்டை. கிடைக்கிற நேரம் காலையில் காரில் போகிற நேரம்தான். அப்போதுதான் மாஸ்டருக்கு அந்தப் பிரமாதமான யோசனை வந்தது. "நீ ஓட்டு. நான் வாசிக்கறேன். நீ விடை சொல்லு."

மனிதனுக்குக் குரல் வளம் உண்டு, சும்மா சொல்லக்கூடாது. ஒவ்வொரு கேள்வியையும் கோர்ட்டில் தீர்ப்புப் படிக்கிற தோரணையில் வாசிப்பான். ஆனால் ஒரு சிக்கல். விடைகள் புத்தகத்தின் கடைசியில் இருந்தன. ஓடுகிற வண்டியில் பின்னால் புரட்டிப் பார்ப்பதற்குள் பக்கம் தவறிப்போகும், அடுத்த சிக்னல் வந்துவிடும். அதனால் முந்தின சாயங்காலமே விடைகளைப் பார்த்து, சரியான விடைக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்துக்கொள்வான். அவள் பதில் சொன்ன அடுத்த நொடி "சபாஷ்!" என்று தொடையில் தட்டலாம் பாருங்கள், அதற்காக.

சபாஷ் நிறையவே விழுந்தது. முதலில் பாதிக்குப் பாதி வந்தது. போகப் போக எப்போதாவது ஒன்றுதான் தப்பியது. மாஸ்டர் மருத்துவமனையில் பெருமை அடித்துக்கொள்ள ஆரம்பித்தான். "என் பொண்டாட்டி கேள்விய முடிக்க விடமாட்டா. நாலாவது விடைய நான் படிச்சு வாய மூடறதுக்குள்ள சொல்லிடுவா." டாக்டர், "அப்போ கூடிய சீக்கிரம் ஸ்வீட் உண்டு" என்றார்.

தேர்வு நாள் வந்தது. போனாள், எழுதினாள். கோட்டுக்கு ரொம்பக் கீழே நின்றாள்.

கொஞ்சநஞ்சம் கீழே இல்லை. புத்தகத்தையே தொடாமல் போயிருந்தாலும் இதை வாங்கியிருக்கலாம். வெளியே வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை. காரில் ஏறி உட்கார்ந்து, சாவியைப் போடாமல், "என்னமோ தெரியலைங்க. எல்லா கேள்வியும் ஊமை மாதிரி இருந்துச்சு" என்றாள். மாஸ்டர் சிரித்துச் சமாளித்தான். ஏசி அதிகமாக இருந்திருக்கும், கம்ப்யூட்டர் பழக்கமில்லை, பக்கத்தில் யாராவது இருமியிருப்பார்கள் என்று காரணங்களை அடுக்கினான். "இன்னொரு தடவ எழுதலாம்ல? சேர்க்கை முடியறதுக்குள்ள தேதி இருக்குல்ல? அப்புறம் என்ன!" என்று ஹோட்டலுக்குக் கூட்டிப்போனான். அவளும் ஏதோ சாப்பிட்டாள். இரண்டாவது தேதிக்குப் பணம் கட்டினார்கள். அதுதான் கடைசித் தேதி. அதற்கப்புறம் சேர்க்கை கிடையாது, நாற்காலி கிடையாது.

மறுபடி அதே காலை, அதே கார், அதே குரல். புதுப் புத்தகம் ஒன்று மட்டும். மறுபடி சபாஷ் மழை.

இப்படி இருக்கும்போதுதான் ரேடியோ வந்து ஏறினாள்.

ரேடியோ மாஸ்டரின் தங்கை. பேச ஆரம்பித்தால் நிறுத்த பட்டன் கிடையாது என்பதால் குடும்பத்தில் அந்தப் பெயர். பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். வருகிறவர்களின் புருவத்தைத் திருத்துவதோடு அவர்கள் குடும்பத்தையும் திருத்தி அனுப்புவாள். அன்றைக்கு அவள் ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் இருந்தது. "அண்ணி, என்னைப் பார்லர் வாசல்ல தள்ளிட்டுப் போங்க" என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"பாடம் நடக்குது. வாய மூடிட்டு வரணும்" என்றான் மாஸ்டர்.

"நான் ஒரு வார்த்தை பேசல."

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான். ஒரு கம்பெனியில் ஊழியர்களுக்குப் புது நாற்காலி வாங்கினார்கள். அதன் பிறகு முதுகுவலி என்று லீவு போடுவது குறைந்தது. ஆகவே நாற்காலிதான் காரணம் என்கிறார் அதிகாரி. எந்தத் தகவல் அவர் வாதத்தை உடைக்கும்? ஒன்று, நாற்காலி விலை அதிகம். இரண்டு, சிலருக்கு நாற்காலியின் நிறம் பிடிக்கவில்லை. மூன்று, அதே சமயத்தில் ஊழியர்கள் கனமான பெட்டி தூக்குவதையும் கம்பெனி நிறுத்தியது. நான்கு...

"மூணாவது" என்றாள் ரேடியோ.

"அண்ணிக்கு முன்னாடி நீ ஏன் சொல்ற?"

"சரி சரி. அடுத்தது படி."

அடுத்தது கணக்கு. இரண்டு குழாய், ஒரு தொட்டி, இத்தனை மணி நேரம். அவன் ஐந்து விடைகளையும் படித்து முடித்ததும் அண்ணியும் நாத்தனாரும் ஒரே சமயத்தில் "ரெண்டு" என்றார்கள்.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தான். ரேடியோவுக்கும் கணக்குக்கும் ஜென்மப் பகை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வருகிறார் என்றாலே அவளுக்குக் காய்ச்சல் வரும். "எப்படிடி சொன்ன?"

"யாருக்குத் தெரியும்? குழாயாவது தொட்டியாவது, எனக்கு ஒரு எழவும் புரியல. நீதான் சொன்ன."

"நான் எங்க சொன்னேன்?"

"நீதாண்ணா சொல்ற! மத்த விடையெல்லாம் பழைய துணியத் தூக்கிப் போடற மாதிரி வாசிக்கற. சரியான விடை வரும்போது முன்னாடி ஒரு மூச்சு. அப்புறம் குழந்தைக்குச் சோறு ஊட்டற மாதிரி மெதுவா, பதமா... சின்ன வயசுல சீட்டு விளையாடும்போதும் இதே கதைதான் அண்ணி. நல்ல சீட்டு வந்தா இவனுக்குக் குரல் குழையும். நாங்க எல்லாரும் சீட்டக் கீழ வெச்சிடுவோம். இவனுக்கு மட்டும் கடைசி வரைக்கும் தெரியாது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் மட்டும்தான் சிரித்தாள்.

அண்ணி வண்டியை ஓரம் கட்டினாள். பின்னால் வந்தவர்கள் ஹாரனால் திட்டிக்கொண்டு போனார்கள். அவள் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கி, பென்சில் புள்ளி இல்லாத பக்கமாகப் பார்த்துப் புரட்டிக் கொடுத்தாள். "இதப் படிங்க."

மாஸ்டர் படித்தான். விடை அவனுக்குத் தெரியாது. ஐந்தும் அவனுக்கு ஒன்றாகவே பட்டன. அவள் வெகுநேரம் யோசித்தாள். ஸ்டியரிங்கை விரலால் தட்டினாள். "நாலு" என்றாள், சந்தேகமாக. பின்னால் புரட்டிப் பார்த்தார்கள். ஒன்று. அடுத்ததைப் படித்தான். தப்பு. அதற்கடுத்ததும் தப்பு. ரேடியோ வாயே திறக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

"போதும், மூடுங்க" என்றாள் மனைவி. வண்டியை எடுத்தாள். பார்லர் வாசலில் ஒருத்தியையும் மருத்துவமனை வாசலில் ஒருவனையும் இறக்கிவிட்டாள். இறங்கும்போது மாஸ்டர், "சாயங்காலம் பேசிக்கலாம்" என்றான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

சாயங்காலம் சமையலறையில் அது வெடித்தது.

"என்ன மாஸ்டர்?" என்றுதான் ஆரம்பித்தாள். காய் நறுக்குகிற கத்தியை ஓசைப்படாமல் கீழே வைத்தாள். "நான் தோக்கணும்னு நெனச்சீங்களா?"

"என்ன பேசற நீ?"

"கேக்கறேன். நான் மேனேஜர் ஆயிட்டா, சனி ஞாயிறும் காலேஜுன்னு போயிட்டா, வீடு என்ன ஆகும்னு உங்களுக்கு உள்ளுக்குள்ள இருந்திருக்கலாம். தப்பில்ல. அத நேரா சொல்லியிருக்கலாம்."

"ஐயோ, நான் எதுக்கு அப்படி நெனைக்கப் போறேன்? நீ ஜெயிக்கணும்னுதான் நெனச்சேன். தினமும் நெனச்சேன். ஒவ்வொரு கேள்விக்கும் நெனச்சேன்."

"அதாங்க வினை" என்றாள் அவள். குரல் உடைந்துவிட்டது. "ஒவ்வொரு கேள்விக்கும் நெனச்சிருக்கீங்க. நான் உங்களையே படிச்சிட்டு இருந்திருக்கேன். புத்தகத்த ஒரு நாளும் படிக்கல. எனக்கு அறிவு இருக்குன்னு நம்பிட்டுப் போயி அங்க உக்காந்தேன். அங்க கம்ப்யூட்டர் மூச்சு விடல, குரல் குழையல. நான் முழிச்சேன். அந்த நாற்காலியில உக்காந்து நான் முட்டாள்னு நெனச்சு அழுதேங்க. பக்கத்துல இருந்த பொண்ணு டிஷ்யூ குடுத்தா."

இது அவனுக்குப் புதுச் செய்தி. அன்றைக்கு ஹோட்டலில் அவள் சொல்லவில்லை. அவன்தான் அவளைப் பேசவிடாமல் ஏசியைத் திட்டிக்கொண்டிருந்தானே, எங்கிருந்து சொல்வாள்? பாதி நறுக்கிய காயை எடுத்து அவன் நறுக்க ஆரம்பித்தான்.

"நாளைலேர்ந்து நீங்க பஸ்ல போங்க" என்றாள். "எனக்குக் கார்ல தனியாப் போகணும்."

போனான். பஸ்ஸில் நின்றுகொண்டு போவதில் அவனுக்குக் கஷ்டமில்லை. ஆனால் வாயைச் சும்மா வைத்திருப்பது கஷ்டமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடைப் பலகைகளை மனசுக்குள் வாசித்துக்கொண்டே போனான். தான் செய்தது உதவியா உபத்திரவமா என்று அவனுக்கே குழம்பியது. வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாகச் செய்யவில்லை. ஆனால் அவள் சரியாகச் சொல்லும்போதெல்லாம் தொடையில் தட்டினானே, அந்தச் சந்தோஷம் யாருக்காக? அவள் படித்ததற்காகவா, தான் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதற்காகவா? யோசிக்க யோசிக்க அவனுக்குத் தன்மேலேயே ஒரு எரிச்சல் வந்தது.

மருத்துவமனையில் ஒரு பெரியவருக்குப் புதுப் பல்செட் போட்டுப் பார்க்கிற நாள். டாக்டர் வெளியே இருந்ததால் மாஸ்டரே பக்கத்தில் நின்றான். "எங்கயாவது குத்துதாங்க?" என்று கேட்டான். பெரியவர் மரியாதைக்காரர். "இல்லவே இல்ல, ரொம்ப நல்லா இருக்கு" என்றார். மாஸ்டர் நீலத் தாள் ஒன்றை எடுத்துப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னான். எங்கே கடி தூக்கலாக இருக்கிறதோ அங்கே நீலம் பதியும். கடைவாய்ப் பல் ஒன்றில் அழுத்தமாகப் பதிந்திருந்தது. இரண்டே நாளில் ஈறைக் கிழித்திருக்கும். மாஸ்டர் அதைத் தேய்த்து எடுத்தான். வாயைக் கேட்டால் மனசு நோகாத பதில்தான் வரும், தாள் யார் முகத்தையும் பார்க்காது, இது அவனுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். தொழிலில் தெரிந்தது காரில் தெரியாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டான். பெரியவர் பயந்துபோய், "என்ன தம்பி, பல்லு சரியில்லையா?" என்றார்.

மனைவி தனியாகப் படித்தாள். மதியச் சாப்பாட்டு வேளையில் கிடங்கின் ஓய்வறையில், சனி ஞாயிறில் சாப்பாட்டு மேஜையில். கேள்விகளைப் போடுவாள், விடையைப் பார்ப்பாள், தப்பு என்று தெரிந்தால் அடுத்ததற்குப் போவாள். தப்புகள் குறையவில்லை. அவள் முகம் நாளுக்கு நாள் சுண்டிப்போயிற்று. மாஸ்டர் டீ வைத்துக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் நழுவுவான். பேசினால் குரல் ஏதாவது சொல்லித்தொலைக்குமே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளே கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. உக்காருங்க."

உட்கார்ந்தான், குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவன் மாதிரி.

"நான் தப்புப் பண்றது எனக்குத் தெரியுது. ஏன் பண்றேன்னு தெரியல. தனியா யோசிச்சா எல்லாம் சரியாத்தான் படுது. யார்கிட்டயாவது வாய் விட்டுச் சொன்னாத்தான் எங்க இடறுதுன்னு தெரியும்போல. நீங்க என்கிட்ட சண்டை போடணும்."

"சண்டையா? இருக்கறது போதாதா?"

"விளையாடாதீங்க. நான் ஒரு விடை சொல்லுவேன். ஏன்னு காரணம் சொல்லுவேன். நீங்க லேசுல ஒத்துக்கக் கூடாது, எதிர்த்துப் பேசணும். ஆனா ஒண்ணு. உங்களுக்கு விடை தெரியக் கூடாது. தெரிஞ்சுது, நீங்க பஸ்லயே கெடந்து போகணும்."

அவனுக்கு ஒரு பக்கம் ரோஷம். தெரியாதவனாக இருப்பதுதான் தன் தகுதியா? இன்னொரு பக்கம், அப்பாடா, கூப்பிட்டாளே என்று நெஞ்சு நிறைந்தது. உடனே போய்த் தன் பையிலிருந்து மெழுகு சீவுகிற கத்தியைக் கொண்டுவந்து, புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் பிசிறில்லாமல் அறுத்து எடுத்தான். கண்ணைப் பாதி மூடிக்கொண்டுதான் அறுத்தான். அவற்றைக் கவரில் போட்டு ஒட்டி, பார்லருக்குக் கொண்டுபோய் ரேடியோ கையில் கொடுத்தான். "போன் பண்ணிக் கேட்டா மட்டும் சொல்லு. மூச்சு விடாம சொல்லு" என்றான். "என் குரல் என்ன உன் குரல் மாதிரியா?" என்றாள் ரேடியோ.

சண்டை தொடங்கியது. சும்மா ஒப்புக்கு ஆரம்பித்தது நாலைந்து நாளில் நிஜச் சண்டையாகிவிட்டது. மாஸ்டருக்கு வாதம் செய்ய வரும் என்று அவனுக்கே அதுவரை தெரியாது. அவள் ஒன்று சொன்னால் "அது எப்படி?" என்பான். "ஏன், அந்த அதிகாரி பொய் சொல்லியிருக்கக் கூடாதா?" என்பான். அவள் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து விளக்குவாள். விளக்கும்போது பாதி வழியில் நின்று, "ஐயய்யோ, நான் சொல்றதே தப்பு" என்பாள். அதுதான் அவள் தேடிக்கொண்டிருந்த இடம். ஆனாலும் அவன் கொஞ்சம் அழுத்திப் பேசினால் அவள் இறங்கிவிடுவாள். பழக்கம், லேசில் விடுமா? அவன் குரல் உறுதியானால் அவள் மனசு அந்தப் பக்கம் சாயும். அப்படிச் சாய்ந்து எத்தனையோ சரியான விடைகளை விட்டாள். தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை வரை இதுதான் நிலைமை.

அன்றைக்கு வந்தது அந்த 'போதுமா' வகைக் கேள்வி. இரண்டு தொழிலாளர்கள் பெட்டி ஏற்றினார்கள். முதலாமவர் இரண்டாமவரைவிட அதிகம் ஏற்றினாரா? தகவல் ஒன்று: முதலாமவர் ஏற்றியது இருவருடைய சராசரியைவிட இரண்டு பெட்டி அதிகம். தகவல் இரண்டு: இருவரும் சேர்ந்து ஏற்றியது நாற்பது பெட்டி.

மாஸ்டர் துள்ளினான். இதற்குள் அவனுக்கும் இந்த வகை பிடிபட்டிருந்தது. "இது எனக்குத் தெரியும்! ரெண்டும் சேர்ந்தாத்தான் போதும். மொத்தம் நாப்பது, சராசரி இருபது. இவரு இருபத்திரண்டு, அவரு பதினெட்டு. முடிஞ்சுது கதை."

"இருங்க..."

"என்ன இருங்க? கணக்கு கண் முன்னாடி நிக்குது. முதல் தகவல் மட்டும் இருந்தா யாரு எத்தனை பெட்டின்னு எப்படிச் சொல்லுவ? சத்தியமா ரெண்டும் வேணும்." மேஜையைத் தட்டினான். குரல் கணீரென்று இருந்தது. நடிப்பில்லை, முழு நம்பிக்கை.

அவள் உதடு "ரெண்டும்" என்று சொல்லப் போயிற்று. அவன் பார்த்தான். பாதியில் நின்றது. அவள் எழுந்து, நாற்காலியை அவனுக்கு முதுகு காட்டுகிற மாதிரி திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தாள். மாடி வீட்டில் யாரோ கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டு அடங்கியது.

"இல்ல" என்றாள் முதுகைக் காட்டிக்கொண்டே. "முதல் தகவல் மட்டும் போதும்."

"எப்படி? நம்பரே இல்லாம..."

"நம்பர் யாரு கேட்டா? எத்தனைன்னா கேக்கறான்? யாரு அதிகம்னுதானே கேக்கறான். ரெண்டே பேரு. ஒருத்தர் சராசரிக்கு மேல இருந்தா இன்னொருத்தர் கீழதான் இருந்தாகணும். நாப்பது பெட்டியா இருந்தா என்ன, நாலாயிரமா இருந்தா என்ன?"

"எனக்கு அப்படித் தோணல. நீ அவசரப்படற. நல்லா யோசி."

"யோசிச்சிட்டேன்."

"நான் அடிச்சுச் சொல்றேன், ரெண்டும்."

"நீங்க அடிங்க, உதைங்க. முதல் தகவல் போதும்."

மாஸ்டருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. போனை எடுத்து ரேடியோவைப் பிடித்தான். கேள்வி எண்ணைச் சொன்னான். அந்தப் பக்கம் ஹேர் டிரையர் சத்தத்துக்கு நடுவே தாள் புரளுகிற சத்தம். "முதல் தகவல் மட்டும் போதும்னு போட்டிருக்கு. ஏன் ரெண்டு பேரும் இப்படிக் கத்தறீங்க? என் கஸ்டமர் பயப்படறாங்க."

மாஸ்டர் போனை மேஜையில் வைத்தான். மூக்குடைந்தது என்னவோ உண்மை. ஆனால் இத்தனை நாளாக அவள் சரியாகச் சொன்ன எந்த விடைக்கும் வராத சந்தோஷம் இப்போது வந்தது. அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"என் பேச்ச நீ கேக்கல" என்றான்.

"கேக்கல."

"நல்லது. இனிமேயும் கேக்காத."

தேர்வு நாளன்று அவள்தான் ஓட்டினாள். வழியெல்லாம் இருவரும் கேள்வி பற்றிப் பேசவில்லை. மாடி வீட்டுக்காரரைப் பற்றிப் பேசினார்கள். தேர்வு மையத்தின் கண்ணாடிக் கதவுக்குள் அவள் போனதும் மாஸ்டர் வெளியே நடக்க ஆரம்பித்தான். மழைக்கு ஒதுங்கவென்று போட்டிருந்த தகரக் கூரைக்குக் கீழே அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தான். சாப்பிடத் தோன்றவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்கள். அவனுக்குக் கால் மட்டும் ஓடியது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி, "சார், உக்காருங்க சார். பாக்கற எனக்கே தலை சுத்துது" என்றார்.

எழுதி முடித்தவுடன் திரையிலேயே மதிப்பெண் வந்துவிடும் தேர்வு அது. ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சிலர் போனில் கத்தினார்கள், சிலர் யாரையும் பார்க்காமல் நடந்தார்கள். அவள் வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. மாஸ்டர் அந்த முகத்தை மேலிருந்து கீழ்வரை தேடினான். அவள் கிட்டே வந்து, பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, நிதானமாக நின்றாள். தன் முகமாக இருந்தால் எல்லாமே எழுதியிருக்கும். இவள் எப்படி இப்படி நிற்கிறாள்?

"என்ன ஆச்சு? சொல்லேன்! உயிர வாங்காத!"

"தாண்டிட்டேங்க" என்றாள். அப்புறம்தான் அவள் முகம் மலர்ந்தது. "நல்லாவே தாண்டிட்டேன்."

மாஸ்டர் சபாஷ் என்று சொல்ல வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான். போகிற வருகிறவர்கள் ஒதுங்கி நடந்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தாள். அழுகை நிற்கவில்லை.

காவலாளி பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். "விடுங்க சார், ஆம்பளை இப்படி அழலாமா? எத்தனையோ பேரு ரெண்டாவது தடவ எழுதித் தேறியிருக்காங்க. நான் தினமும் பாக்கறேன். அடுத்த தடவ பாத்துக்கலாம்."

"அவரு எழுதலீங்க. நான்தான் எழுதினேன். தேறிட்டேன்" என்றாள் அவள்.

காவலாளி அவளையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். "அப்புறம் இவரு எதுக்கு அழறாரு?"

அவள் தன் துப்பட்டா முனையால் கணவனின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"போன தடவ நான் தோத்துட்டேங்க" என்றாள். "அதுக்கு இப்பதான் அழறாரு."